தீவாந்தரம்

நம் முன்னோர் காலத்து நீதிமன்றங்களில் வழங்கிய சொற்களுள் ‘தீவாந்தர சிட்சை’ என்பது ஒன்று. தூக்குத் தண்டனைக்கு அடுத்தபடியாக ஜனங்களை நடுங்கச் செய்த சொல் அது. தீவாந்தரம் என்றால் வேறொரு தீவு என்பதே பொருள். எந்தத் தீவு, எவ்வளவு தூரம், அங்கே வசிப்பவர் யாவர் என்னும் விவரம் எதனையும் அச்சொல் கூறுவதில்லை. கூற வேண்டுமென்று எவரும் கேட்டதுமில்லை. பாட்டிமார் கதைகளில் ஏழு கடலுக்கு அப்பால் ஓர் இருட்டுலகம் வரும். போனவர் மீளமாட்டார் என்பதைத் தவிர அவ்வுலகத்தைப் பற்றிக் கேட்போருக்கு வேறொன்றும் தெரிய வேண்டியதில்லை. கதையிலிருந்த அவ்வுலகத்தைச் சட்டப் புத்தகத்திற்குள் கொண்டுவந்து, அதற்குக் கப்பலும் காவலும் ஏற்படுத்தியதே கும்பினியார் செய்த புதுமை.

குற்றம் புரிந்தவனை என்றென்றைக்கும் தன் எல்லைக்கு வெளியே எறிந்துவிட ஒரு சமூகத்திற்கு உரிமை உண்டா? அடைத்து வைப்பது வேறு, தண்டிப்பது வேறு, ‘இனி நீ எம்மவன் அல்லன், நீ இருக்குமிடம் எம் உலகத்தில் இல்லை’ என்று கூறிக் கதவைச் சார்த்துவது வேறு. இம்மூன்றாவதைப் பற்றியதே ஈண்டு நம் ஆராய்ச்சி.

இவ்வினா மலேசியத் தமிழராகிய நமக்கு ஏட்டுச் சுரைக்காய் அன்று. அந்தத் தீவாந்தரம் எங்கேயிருந்தது என்று தேடிப் போவோமாயின், நாம் குடியிருக்கும் இந்தப் பிரதேசமே அது என்பது புலப்படும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பினாங்கில் தொடங்கி, பின்னர் மலாக்காவுக்கும் சிங்கப்பூருக்குமாகக் கும்பினியார் இந்தியாவிலிருந்து கைதிகளைக் கப்பலேற்றி வந்தனர். 1825 ஏப்ரலில் சிங்கப்பூரில் முதன்முதலாக இறக்கப்பட்ட கைதிகள், சென்னை மாகாணத்திலிருந்து முன்பே பென்கூலனுக்கு அனுப்பப்பட்டிருந்தவர்கள். அவர்களுள் பலருடைய நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தி அனுப்பும் கொடிய வழக்கம் 1849 வரையில் நிலைபெற்றிருந்தது. காடு வெட்டியவர்கள், சதுப்பைத் தூர்த்தவர்கள், செங்கல் அறுத்தவர்கள், சாலை போட்டவர்கள் அவர்களே. சிங்கப்பூரில் இன்றும் வானளாவி நிற்கும் புனித அந்திரேயா தேவாலயத்தை 1856-க்கும் 1861-க்கும் இடையில் கட்டியவையும் அக்கைதிகளின் கைகளே. 1873-இல் அக்கைதிக் குடியிருப்பு கலைக்கப்பட்டது. தண்டனை முடியாதவர்கள் அந்தமானுக்கு மாற்றப்பட்டனர். விடுதலை பெற்றவர்களுள் பலர் இங்கேயே குடும்பிகளாய்த் தங்கிவிட்டனர்.

தீவாந்தரம் என்னும் இவ்வேற்பாடு மூன்று பொய்களின் மேல் எழுப்பப்பட்ட கட்டடம் என்பது நம் துணிபு. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதற்பொய், உலகத்திற்கு வெளியே ஓர் உலகம் இருக்கிறது என்பது. அங்ஙனம் ஒன்று இல்லவே இல்லை. அனுப்புகிறவனுக்கு எது தீவாந்தரமோ, அது வேறொருவனுக்குப் பிறந்த மண். பிரிட்டிஷார் 1788 தொடங்கி 1868 வரையில் ஏறத்தாழ 1,62,000 கைதிகளை ஆஸ்திரேலியாவில் கொண்டுபோய் இறக்கினர். அது ஆளில்லாத கண்டம் என்று சொல்லிக்கொண்டனர். பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கு வாழ்ந்திருந்த ஆதிகுடிகளின் கதி என்னவாயிற்று என்பதை உலகம் அறியும். அந்தமானில் 1858-இல் கைதிக் குடியிருப்பை நிறுவியபோதும் இதுவே நடந்தது. வந்தவர்கள் கொணர்ந்த நோய்களுக்கு அத்தீவின் பழங்குடிகள் இரையாயினர். சிங்கப்பூரில் வசித்த ஐரோப்பிய வியாபாரிகள்கூட, 1857-ஆம் ஆண்டின் இந்தியக் கிளர்ச்சிக் காலத்தில், ‘உங்களுக்கு வேண்டாத ஆபத்தானவர்களை எங்கள் தலையில் கட்டாதீர்’ என்று முறையிட்டனர். தம் ஊருக்குக் குப்பைமேடு வேண்டியவர்கள் அடுத்த ஊரை அதற்குத் தேர்ந்தெடுப்பார்கள். அடுத்த ஊரார் அதை ஒருகாலும் குப்பைமேடு என்று ஒப்பார்கள்.

இதில் வேடிக்கை ஒன்றுண்டு. தமிழ்நாட்டிலிருந்து பார்த்தபோது மலாயா தீவாந்தரமாயிருந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் நம் தொழிலாளர் பெரியதொரு வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி கேட்டனர். பெண்களிடம் முறைகேடாக நடப்பவர்களைத் தடுக்கக் கேட்டனர். கள்ளுக்கடைகளை மூடக் கேட்டனர். துரையைக் கண்டதும் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கவேண்டும் என்ற இழிவை ஒழிக்கக் கேட்டனர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஆர். எச். நாதனை அரசாங்கத்தார் அவ்வாண்டு மே மாதத்தில் கைது செய்து, நாடு கடத்தினர். எங்கே? இந்தியாவுக்கு! ஒரு நூற்றாண்டுக்கு முன்பு எந்த நாட்டிலிருந்து மனிதரை இங்கே தள்ளினார்களோ, அந்த நாடே இப்பொழுது இங்கிருந்து தள்ளப்படும் தீவாந்தரமாயிற்று. ஆகவே, அச்சொல் எந்தத் தீவையும் குறிப்பதன்று; அனுப்புகிறவன் தன் கண்ணை மூடிக்கொள்ளும் திசையையே குறிக்கிறது.

இரண்டாம் பொய், அங்கே அனுப்பப்படுவோர் எல்லாரும் ஒரே சாதிக் குற்றவாளிகள் என்பது. சிவகங்கைச் சீமையை ஆண்ட மருது சகோதரர்கள் 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அதன்பின் 1802 பெப்ரவரியில், கும்பினியை எதிர்த்த எழுபதுக்கு மேற்பட்டோர் தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்டுப் பினாங்குக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் ஒருவர் சின்ன மருதுவின் மகன் துரைசாமி, அப்போது இளம்பிள்ளை. அவரைச் சிறுபிராயத்திலே அறிந்திருந்த வெல்ஷ் என்னும் கும்பினிப் படை அதிகாரி, 1818-இல் பினாங்கில் மீண்டும் அவரைக் காண நேர்ந்ததைத் தம் நினைவு நூலில் எழுதியுள்ளார். நோயுற்றுத் தளர்ந்து தம் முன் நின்ற அம்மனிதரை அவரால் அடையாளங்காண இயலவில்லை. அந்தப் பிள்ளை செய்த குற்றம் யாது? மருதுவுக்கு மகனாய்ப் பிறந்ததல்லவா? பின்னொரு காலத்தில், 1908-இல், கப்பலோட்டிய சிதம்பரம் பிள்ளைக்கும் ஆயுட்கால தீவாந்தர சிட்சையே விதிக்கப்பட்டது. மேல் விசாரணையில் தண்டனை குறைக்கப்பட்டு, 1912-இல் அவர் விடுதலையானார். ஆட்சியாளர் ‘குற்றவாளி’ என்று நெற்றியில் எழுதியவரை வரலாறு வேறு பெயரால் அழைத்ததற்கு இவை போன்ற சான்றுகள் வேறு பலவும் உள.

நிற்க. இவ்விடத்தில் நாம் சற்று ஜாக்கிரதையாக நடக்க வேண்டும். தீவாந்தரம் சென்றவரெல்லாம் தேசபக்தர் என்று கூறிக் கைதட்டு வாங்குவது எளிது, உண்மை அதுவன்று. கொள்ளையரும் கொலைஞரும் வழிப்பறிக்காரரும் அக்கப்பல்களில் மிகுதியாகவே இருந்தனர். குற்றமற்றவர்களைக் காட்டி ஒரு தண்டனையைக் கண்டிப்பது வழக்கின் பாதியை மட்டும் வாதிப்பதாகும். மெய்யாகவே கொன்றவனை என் செய்வது? அவனை முன்னிட்டே இந்த ஏற்பாட்டைச் சோதித்துப் பார்க்கவேண்டும்.

எதிர்க்கட்சிக்காரர் கூறுவது இது: ‘களையைப் பிடுங்காத தோட்டம் பயிர் தராது. பிறர் உயிரைப் பறித்தவன் தன் இடத்தையும் இழந்தான். கொலையுண்டவனைப் பெற்ற தாய் அதே தெருவில் அவனை மறுபடியும் பார்க்க வேண்டுமா? அவன் திரும்பாதிருப்பதே அவளுக்கு ஆறுதல், ஊருக்குக் காவல்.’ இக்கூற்றை நாம் ஏளனம் செய்ய மாட்டோம். மகனை இழந்தவளுக்கு உபதேசம் செய்யும் தகுதி எவருக்கும் இல்லை. ஆபத்தானவனை அடைத்து வைக்கும் கடமை அரசுக்கு உண்டு. அது நெடுங்காலமாகவும் இருக்கலாம். ஆனால், தோட்டத்தில் வேலை செய்யும் நமக்குத் தெரியும்: பிடுங்கிய களை வெயிலில் உலர்ந்து மாய்கிறது, அத்துடன் கணக்கு முடிந்தது. மனிதன் அப்படி மாய்வதில்லை. அனுப்பிய இடத்திலே அவன் உண்கிறான், உறங்குகிறான், முதுமையடைகிறான். சில சமயம் மாறியும் விடுகிறான். களை உவமை அவன் பிடுங்கப்பட்ட நாளைச் சொல்லுகிறதேயன்றி, அதற்கு மறுநாளைப் பற்றி ஒன்றும் சொல்லுவதில்லை.

இங்கேதான் மூன்றாம் பொய் ஒளிந்திருக்கிறது. அது, ‘இம்மனிதன் முடிந்து போனவன்’ என்பது. ‘பத்தாண்டு’, ‘இருபதாண்டு’ என்று தண்டனை விதிக்கும் நீதிபதி, அவன் செய்ததை அளந்து கூறுகிறார். ‘என்றென்றைக்கும்’ என்று விதிப்பவரோ, செய்ததை மட்டுமல்லாமல் இனி ஆகப்போவதையும் அறிந்தவர் போலக் கூறுகிறார். வருங்காலத்தை அறிந்தவர் யார்?

இதற்கு நம் கோலாலம்பூருக்கு அருகிலேயே ஓர் உதாரணம் உண்டு. அது குற்றவாளிகளைப் பற்றியதன்று. சுங்கை பூலோவில் 1930-இல் தொழுநோயாளருக்கென ஒரு பெருங்குடியிருப்பு திறக்கப்பட்டது. நோய் கண்டவரைச் சட்டப்படி பிரித்து அங்கே கொண்டுவந்தனர். அது ஒரு தனி ராஜ்யம் போலவே இருந்தது. அதற்கெனத் தனி நாணயத் தாள், தன் நோயாளிகளுக்குள்ளிருந்தே காவலர், பள்ளிக்கூடம், கோயில், இடுகாடு எல்லாம் இருந்தன. அங்கே பிறந்த குழந்தைகளைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்தனர். நோய் தீராது, ஆகையால் பிரிவும் தீராது என்பது அன்றைய முடிவு. 1940-களின் இறுதியில் சல்போன் மருந்துகள் வந்தன, நோய் தீரலாயிற்று. அப்போதுதான் ஓர் உண்மை வெளியாயிற்று. ‘என்றென்றைக்கும்’ என்று அவர்கள்மேல் விதிக்கப்பட்டது நோயின் அளவன்று. அக்காலத்து மருத்துவ அறிவு எட்டிய எல்லையே. உடலின் நோய்க்கு நாளைக்கு என்ன மருந்து வருமென்று தேர்ந்த வைத்தியருக்கே தெரியாதிருந்ததென்றால், மனத்தின் நோய்க்கு மருந்தே இல்லை என்று சாதிப்பது எவ்வளவு துணிச்சல்!

கதவில்லாத சிறை வேறொரு தீங்கும் செய்கிறது. அது கைதியை மட்டுமன்றிக் காவலனையும் கெடுக்கிறது. என்ன செய்தாலும் வெளியேற முடியாதென்றால், நல்லவனாவதற்குக் கைதிக்குக் காரணம் இல்லை. எப்படியிருந்தாலும் வெளியே போகப் போகிறவன் அல்லனென்றால், அவனைத் திருத்துவதற்குக் காவலனுக்கும் காரணம் இல்லை. சிங்கப்பூர்க் கைதிகளை மேற்பார்த்த அதிகாரிகள் இதனை அனுபவத்தில் உணர்ந்தனர். கைதிகளை ஆறு வகுப்பாகப் பிரித்து, நன்னடத்தைக்கேற்ப விலங்கைக் கழற்றி, படிப்படியாக உயர்த்தி, மேல் வகுப்பாரையே மற்றவர்களுக்குக் காவலராக்கினர். அவர்களை மேற்பார்த்தவருள் ஒருவராகிய மெக்நேர் 1899-இல் வெளியிட்ட நூலின் தலைப்பே ‘கைதிகளே தம் காவலர்’ என்னும் பொருளுடையது. கூலியில்லா உழைப்பைச் சுரண்டும் சுயநலமும் அவ்வேற்பாட்டில் கலந்திருந்தது. அதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் ஏணி ஒன்று இருந்தால் மனிதன் ஏறிப் பார்க்கிறான் என்பதை அது மெய்ப்பித்தது.

‘ஏணி வைத்த இடத்திலும் இரத்தம் சிந்தவில்லையா?’ என்று கேட்பவர்கள் புலாவ் செனாங்கைக் காட்டுவார்கள். சிங்கப்பூருக்குத் தெற்கேயுள்ள அச்சிறு தீவில், இரகசியக் கும்பல்களைச் சேர்ந்தவர்களென்று விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டவர்களை உழைப்பினால் திருத்த 1960-இல் ஒரு திறந்தவெளிக் குடியிருப்பு அமைக்கப்பட்டது. சுவரில்லை; வேலை உண்டு; விடுதலை உண்டென்ற வாக்கும் உண்டு. 1963 ஜூலை 12-இல் அங்கே கலகம் மூண்டது. மேற்பார்வையாளர் டேனியல் டட்டனும் அதிகாரிகள் சிலரும் கொல்லப்பட்டனர். 1965-இல் பதினெட்டுப் பேர் தூக்கிலிடப்பட்டனர். இது கசப்பான பாடம், மறுக்கவில்லை. ஆனால் அங்கே நடந்ததை உற்று நோக்குக. அவர்களுக்கு நீதிமன்றம் நாள் குறிக்கவில்லை. எப்போது விடுதலை என்பது அதிகாரிகளின் மனத்தைப் பொறுத்தது. கலகத்துக்குச் சற்று முன்பு, வேலை செய்ய மறுத்த தச்சர் பதின்மூவர் சாங்கி சிறைக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அதுவரை அவர்கள் ஏறிய படியெல்லாம் ஒரு நாளில் சரிந்தது. கொலையை இது நியாயப்படுத்தாது. ஆயினும், சாவி ஒரு மனிதனுடைய கோபதாபத்தில் தொங்குமாயின் கதவு இருந்தும் இல்லாததே என்பதை இது காட்டுகிறது. சட்டத்தால் குறிக்கப்பட்ட நாளும், பகிரங்கமாக வாதிக்கத்தக்க உரிமையும் உள்ள கதவே கதவாகும்.

நம் நாட்டின் நடப்பைக் காண்போம். கோலாலம்பூரில் 1895-இல் எழுந்த புடு சிறை 1996-இல் காலி செய்யப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் இன்று பெருங்கடைகள் மின்னுகின்றன. 1933-ஆம் ஆண்டின் வசிப்பிடக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, நகரத்திலே சந்தேகத்துக்குரியவரை எங்கோ தொலைவிலுள்ள ஊருக்கு அனுப்பி அங்கேயே இருக்கச் செய்து வந்தனர். தலைநகரத்தின் தொல்லை கிராமத்துக்குப் பரிசாயிற்று. தீவாந்தரம் என்பது கடலை விட்டுக் கரையேறி வந்தது. அச்சட்டமும் நாடு கடத்தும் சட்டமும் 2011-இல் நீக்கப்பட்டன. ஆயினும் 2013-இல் குற்றத் தடுப்புச் சட்டத்தில் செய்த திருத்தத்தின் வழியே விசாரணையற்ற காவல் மறுபடி நுழைந்தது. 2023-இல் பாராளுமன்றம் கட்டாய மரண தண்டனையை ஒழித்ததோடு, உயிர் பிரியும்வரை சிறை என்னும் தண்டனையையும் சட்டத்தினின்று எடுத்தது. அதற்குப் பதிலாக முப்பது முதல் நாற்பதாண்டு வரை எனக் கால எல்லை வகுத்தது. முன்பே அவ்வாறு தண்டிக்கப்பட்டிருந்த ஏறத்தாழ ஆயிரம் பேருக்குக் கூட்டரசு நீதிமன்றத்தில் மறுபரிசீலனை கோரும் வழியும் திறந்தது. நாற்பதாண்டு என்பது கடுமையான தண்டனைதான். ஆயினும் அதற்கு ஓர் எண்ணிக்கை உண்டு. எண்ணிக்கை உள்ள இடத்தில் மனிதன் நாள் எண்ணலாம். நாள் எண்ணுகிறவன் இன்னும் உலகத்தைச் சேர்ந்தவன்.

சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. நாம் வந்தோமா?

நம்மவர்க்குத் தீவாந்தரம் புதிதன்று என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும். கும்பினியார் வருவதற்கு முன்பே நம் கிராமங்களில் ஊர்விலக்கு இருந்தது. பஞ்சாயத்தார் கூடி ஒரு குடும்பத்தைத் தள்ளி வைத்தால், நெருப்பில்லை, தண்ணீரில்லை, வண்ணானில்லை, பிணம் தூக்க ஆளில்லை. ஊருக்குள் இருந்துகொண்டே ஊருக்கு வெளியே இருப்பது அத்தண்டனை. அதற்கும் மேலாக, ஒரு குற்றமும் செய்யாத கோடிக்கணக்கானோரைப் பிறப்பையே குற்றமாக்கிச் சேரியிலே ஒதுக்கி வைத்தோம். அவர்களுக்கு எந்த நீதிபதியும் விதிக்காத, எந்த மேல் கோர்ட்டும் தள்ளுபடி செய்ய முடியாத ஆயுள் தண்டனை அது. கடல் கடந்தால் சாதி போயிற்று என்று சொன்னவர்களும் நம்மவரே. அந்த விதிப்படி பார்த்தால், ரப்பர் மரத்தடிக்கு வந்த நம் பாட்டன்மார் அனைவரும் தீவாந்தரம் போனவர்கள்தாம்! தள்ளப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் பிறரைத் தள்ளி வைக்கலாமா?

ஆயினும் செய்கிறோம். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியிலாயினும் கிள்ளான் தோட்டத்து லயத்திலாயினும், சிறையிலிருந்து ஓர் இளைஞன் திரும்பி வந்தான் என்று வைத்துக்கொள்வோம். சட்டம் அவன் கணக்கைத் தீர்த்துவிட்டது. நாமோ புதுக்கணக்குத் திறக்கிறோம். அவனுக்கு வாடகைக்கு அறை இல்லை. அவன் தங்கைக்கு வரன் இல்லை. கோயில் காரியத்தில் காவடி தூக்க விடுவோம்; கணக்கு எழுத விடமாட்டோம். பெயரைச் சொல்லாமல் ‘உள்ளே இருந்து வந்தவன்’ என்கிறோம். நெற்றியில் பச்சை குத்துவது 1849-இல் நின்றது, நாவினால் குத்துவது இன்னும் நிற்கவில்லை. எல்லாக் கதவும் அடைத்த பின்னர் அவனுக்குத் திறந்திருப்பது அவனைக் கெடுத்த பழைய கும்பலின் கதவு ஒன்றே. அவன் அங்கே நுழைந்ததும், ‘பார்த்தீரா, இவன் திருந்தமாட்டான் என்று அன்றே சொன்னோம்’ என்று நம் தீர்க்கதரிசனத்தை நாமே மெச்சிக்கொள்கிறோம்! நாம் சொன்னது பலித்ததன்று. நாம் செய்தது விளைந்தது.

பரிகாரம் என்ன? பெரிய மகாநாடுகள் தேவையில்லை. வேலைக்கு ஆள் எழுதும் பொறுப்பு எம்மைப் போன்ற தோட்டத்துக் கிராணிமார் கையில் ஓரளவேனும் உள்ளது. தண்டனை முடித்து வந்தவன் என்பதற்காக மட்டும் ஒருவன் பெயரை எழுத மறுப்பதில்லை என்று நாம் தீர்மானிக்கலாம். அவனைப் பணப்பெட்டி அருகில் முதல் நாளே உட்கார வைக்க வேண்டுமென்பதில்லை, படிப்படியாக நம்பலாம், சிங்கப்பூர்க் கைதிகளை நடத்திய கும்பினிக்கு இருந்த விவேகம் நமக்கு இருக்கலாகாதா? காஜாங்கிலும் சுங்கை பூலோவிலும் உள்ளே இருப்பவர்களுக்கு நம் சங்கங்கள் கடிதம் எழுதலாம், புத்தகம் அனுப்பலாம். அடையாள அட்டையின்றி அலைபவனுக்கு அதற்குரிய மனுவை எழுதித் தரலாம். கொலையுண்டவன் குடும்பத்தையும் மறக்கலாகாது. அவர்களுக்கு நாம் செய்யும் உபகாரம் பெரும்பாலும் குற்றவாளியைச் சபிப்பதோடு முடிந்துவிடுகிறது. பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும் வழக்குச் செலவுக்கும் யார் நிற்கிறார்கள்? அவன் தூரத்தில் இருப்பதால் அவர்கள் அடுப்பு எரிவதில்லை.

இவ்வளவும் சொன்னபின், அந்தத் தாயின் கேள்வி இன்னும் நம்முன் நிற்கிறது: ‘அதே தெருவில் நான் அவனைப் பார்க்க வேண்டுமா?’ வேண்டாம், அம்மா. அவன் வேறு தெருவில் வாழட்டும். உங்கள் கண்ணில் படாதிருக்கும் கடமை அவனுக்கு உண்டு. அவனை மன்னிக்கும் கடமை உங்களுக்கு இல்லை. ஆனால் அந்த வேறு தெரு இவ்வுலகத்திலே உள்ள தெருவாக இருக்கட்டும். அங்கேயும் அண்டை வீட்டார் இருப்பார்கள், அவர்களுக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். ஆகையால், அவன் எந்தத் தெருவுக்குப் போனாலும் மனிதனாய்ப் போகும்படி செய்வது நம் எல்லோருடைய காவலுக்கும் உரிய காரியம்.

உலகம் ஒன்றே, அதற்கு வெளிப்புறம் கிடையாது. நாம் எறிவது எதுவாயினும் யாரோ ஒருவருடைய முற்றத்தில்தான் விழும். தீவாந்தரம் என்னும் சொல் நம் பேச்சிலிருந்து போய்விட்டது. கருத்தும் போய்விட்டதா என்பதை அவரவர் தத்தம் தெருவில், தத்தம் தோட்டத்தில், நாளைக்கே சோதித்துப் பார்ப்பாராக.